நூற்றிருபது லிட்டர்

விடியற்காலை நாலே முக்கால்.
தோ பாயோ, புளோக்கின் கீழ்த்தளம்,
டயாலிசிஸ் நிலையத்தின் பின்னறை.
குழாய்த் தண்ணீரைச் சோதனைக் குழலில் பிடித்து
ஒரு பொட்டலம் தூள் போட்டுக் குலுக்குகிறேன்.
இளஞ்சிவப்பு ஏறினால்
இன்று யாருக்கும் ஊசி கிடையாது.

ஏறவில்லை.
பதிவேட்டில் சுழியம். பக்கத்தில் என் பெயர்:
த. கோமளவல்லி.

கடற்பாலம் தாண்டி ஜொகூரிலிருந்து வந்ததா,
மரினாவில் தேங்கிய மழையா,
போன மாதம் யாரோ கழுவி ஊற்றிய சோற்றுப்பானையா,
தண்ணீர் சொல்லாது.
அதற்கு ஊர் இல்லை, ஞாபகம் இல்லை.
இருப்பதெல்லாம் ஒரு கோணல்.

ஓர் ஆக்சிஜன், இரண்டு ஹைட்ரஜன்.
மூன்றும் நேர்க்கோட்டில் நின்றிருந்தால்
கதை அங்கேயே முடிந்திருக்கும்.
நூற்று நாலரைப் பாகையில் வளைந்து நிற்கின்றன,
பேருந்துக்குக் காத்து நிற்பவள்
ஒரு காலில் சாய்ந்திருப்பது போல.
அந்தச் சாய்வினால்தான்
ஒரு முகத்தில் கொஞ்சம் கழித்தல்,
மறுமுகத்தில் கொஞ்சம் கூட்டல்.
அதனால்தான் பக்கத்துத் துளியைப் பிடிக்கிறது.

பிடித்ததை வைத்துக்கொள்வதும் இல்லை.
நொடியை லட்சம் கோடித் துண்டாய் நறுக்கினால்
ஓரிரு துண்டு நேரம். அவ்வளவுதான்.
விடும். அடுத்ததைப் பிடிக்கும்.
விட்டுவிட்டுப் பிடிப்பதைத்தான்
ஓடுகிறது என்கிறோம்.

உப்பு வந்தால் சுற்றிக்கொள்ளும்.
சோடியத்துக்கு ஆக்சிஜன் முகம்,
குளோரைடுக்கு ஹைட்ரஜன் முகம்
காட்டிக் காட்டியே
ஒட்டி நின்றவற்றைப் பிரித்துக் கூட்டிப்போகும்.
யூரியாவையும் அப்படித்தான்.
சிறுநீரகம் செய்யாமல் விட்ட வேலையை
இந்த இருமுகக்காரியிடம்தான் கொடுத்திருக்கிறோம்.

ஆனாலும் சவ்வு தாண்டி வரும் தண்ணீரை
எனக்குக் கொஞ்சம் பயம்.
ஒன்றுமே இல்லாத தண்ணீர் அது.
அப்படியே ரத்தத்தில் விட்டால்
சிவப்பணுக்குள் புகுந்து புகுந்து
வெடிக்க வைத்துவிடும்.
உப்பு, பைகார்பனேட், கால்சியம், துளி சர்க்கரை,
அளந்து கலந்து
அதைக் கொஞ்சம் அழுக்காக்கிய பிறகுதான்
மனிதர் பக்கம் அனுப்புகிறேன்.

ஆறரை. ஹம்சியா, திரு. இயோ,
துறைமுகத்தில் பாரந்தூக்கி ஓட்டிய வைரவசுந்தரம்.
எடை பார்க்கும் மேடை இரக்கமற்றது.
"இரண்டு நாளில் மூன்று கிலோ, அங்கிள்."
"மோர்," என்கிறார். "தேக்காவில். ஒரே ஒரு டம்ளர்."
மூன்று கிலோ மோர்
அவர் கணுக்காலில் நிற்கிறது.
அழுத்தினால் என் விரல் குழி
மூடவே மாட்டேன் என்கிறது.

ஒரு நாளைக்கு அவருக்கு எண்ணூறு மில்லி.
ரசமும் மாத்திரை விழுங்கும் தண்ணீரும் சேர்த்து.
அதனால் ஃபிளாஸ்கில் நாலு ஐஸ்கட்டி
எண்ணிக் கொண்டு வருகிறார்.
ஒன்றை வாயில் ஒதுக்கிக்கொண்டு கேட்டார்:
"எல்லாம் உறைஞ்சா மூழ்குது,
இது மட்டும் ஏம்மா மிதக்குது?"

குளிர்ந்தால் பிடித்த கையை விடாது, அங்கிள்.
விடாமல் பிடித்தால் நெருங்கவும் முடியாது,
கைநீளத்துக்குத் தள்ளித் தள்ளித்தான் நிற்கணும்.
இடம் நிறைய வேணும். அதான் லேசாகுது.

யோசித்தார். ஐஸ் கன்னம் மாறியது.
"நாங்க அஞ்சு பேரு, மூணு ரூம் வீடு.
உறையவே முடியாது லா."

நாலு மணி நேரம். இயந்திரம் ஒன்றுக்கு
நூற்றிருபது லிட்டர்
அவர் ரத்தத்தைத் தொடாமல்
சவ்வின் மறுபுறம் நடந்து,
கசப்பையெல்லாம் வாங்கிக்கொண்டு
கால்வாயில் இறங்குகிறது.
அங்கிருந்து ஆலைக்கு. பிறகு எங்கோ.
ஒருநாள் என் குழலுக்கே வரலாம்,
வந்தாலும் எனக்குத் தெரியாது.

பத்தரைக்கு எனக்கும் தாகம்.
பின்னறைக் கதவைச் சாத்திவிட்டு
சத்தம் வெளியே கேட்காதபடி
ஒரு முழு டம்ளர்
குடிக்கிறேன்.